பள்ளிக் கல்வித் துறையின் உயர் அதிகாரிகள்: எதை வைத்து மதிப்பிடுவது?

மே மாதம் பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் நாளில் தமிழ்நாட்டில் ஒரு பட்டியல் தவறாமல் வரும்: எந்த மாவட்டம் முதலிடம், எது கடைசி இடம். 2017இல் மாணவர்களுக்கான மாநிலத் தரவரிசையை அரசு நிறுத்திவிட்டது. மாவட்டங்களுக்கான தரவரிசை மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. கடைசி இடங்களில் நிற்கும் மாவட்டங்களின் முதன்மைக் கல்வி அலுவலர்கள் ஆய்வுக் கூட்டங்களில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதையடுத்து இடமாறுதல் ஆணைகள் வரும். செயலாளரோ இயக்குநரோ மாற்றப்பட்டால் "செயல்பாடு சரியில்லை" என்று ஒரு தரப்பும் "அரசியல் காரணம்" என்று இன்னொரு தரப்பும் பேசும்.

இவர்களின் வேலை என்ன, அது நன்றாக நடக்கிறதா என்று எப்படி அறிவது என்பது மட்டும் இந்தப் பேச்சில் தெளிவாவதில்லை. 2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்வித் துறைக்கு ஒதுக்கப்பட்ட தொகை 46,767 கோடி ரூபாய். அரசுப் பள்ளிகள் மட்டும் ஏறத்தாழ 37,000. இத்தனை பெரிய அமைப்பின் தலைமையை ஒரே ஒரு தேர்ச்சி எண்ணை வைத்து எடைபோடுவது ஏன் தவறு, வேறு எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## 'தலைமை' என்பது யார் யார்?

துறையின் மேல்மட்டம் ஒரே ஏணி அல்ல. ஒன்றோடொன்று பின்னிய மூன்று அடுக்குகள் அதில் உண்டு.

1. தலைமைச் செயலகம். அமைச்சர் கொள்கையை முடிவு செய்கிறார். ஐ.ஏ.எஸ். அதிகாரியான துறைச் செயலாளர் அதை அரசாணையாக்குகிறார். நிதித் துறையிடம் பணம் கேட்பதும், நீதிமன்றத்தில் அரசின் நிலைப்பாட்டுக்குப் பொறுப்பேற்பதும் அவர்தான்.

2. இயக்ககங்கள். சென்னை கல்லூரிச் சாலையில், இன்றும் பலர் டி.பி.ஐ. என்றே அழைக்கும் பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகத்தில் இவை இருக்கின்றன. பள்ளிக் கல்வி, தொடக்கக் கல்வி, தனியார் பள்ளிகள், அரசுத் தேர்வுகள் என ஒவ்வொன்றுக்கும் தனி இயக்குநர். பாடத்திட்டமும் பயிற்சியும் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் பொறுப்பு. ஒன்றிய அரசின் பங்கோடு நடக்கும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவர் மாநிலத் திட்ட இயக்குநர். ஆசிரியர் தேர்வு வாரியமும் பாடநூல் கழகமும் தனித் தலைமை கொண்டவை.

3. மாவட்டம். முதன்மைக் கல்வி அலுவலர், அவருக்குக் கீழே மாவட்டக் கல்வி அலுவலர்கள், வட்டாரக் கல்வி அலுவலர்கள். பள்ளித் தலைமையாசிரியருக்குத் துறை என்றால் பெரும்பாலும் இந்த அடுக்குதான்.

ஒரு பள்ளியில் கணித ஆசிரியர் இல்லை என்று வைத்துக்கொள்வோம். புதிய பணியிடத்துக்கு ஒப்புதல் தர வேண்டியது செயலகமும் நிதித் துறையும். ஆள் எடுக்க வேண்டியது ஆசிரியர் தேர்வு வாரியம். பதவி உயர்வுப் பட்டியலைத் தயாரிப்பது இயக்ககம். பக்கத்துப் பள்ளியிலிருந்து தற்காலிகமாக ஒருவரை மாற்றுப் பணியில் அனுப்புவது மாவட்டம். வகுப்பறையின் ஒரு காலி நாற்காலிக்குப் பின்னால் நான்கு அலுவலகங்கள். எது எங்கே தாமதித்தது என்று தெரியாமல் யாரையும் குறை சொல்வதும் பாராட்டுவதும் குருட்டடிதான்.

## பெயர்ப்பலகைகள் மாறிய ஐந்தாண்டுகள்

2018 முதல் 2023 வரை துறையின் அமைப்பே திரும்பத் திரும்ப மாறியது குழப்பத்தைக் கூட்டியது.

2018 மே மாதம் வந்த அரசாணை 101, மாவட்டத்தில் தொடக்கப் பள்ளி முதல் மெட்ரிக் பள்ளி வரை எல்லாவற்றையும் முதன்மைக் கல்வி அலுவலரின் கீழ் கொண்டுவந்தது. தொடக்கக் கல்விக்கென்று தனியாக இருந்த மாவட்ட அலுவலர் பதவி போயிற்று. ஒரே கையில் அதிகாரம் இருந்தால் முடிவுகள் விரையும் என்பது அதன் தர்க்கம். நடைமுறையில், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் பொதுத்தேர்வு வேலையில் மூழ்கிய அலுவலகங்களில் தொடக்கப் பள்ளிகள் பின்னுக்குப் போயின என்ற குறை ஆசிரியர்களிடம் வலுத்தது. 2022 செப்டம்பரில் அரசாணை 151 மூலம் தொடக்கக் கல்வி, இடைநிலைக் கல்வி, தனியார் பள்ளிகள் என்று மாவட்டக் கல்வி அலுவலர்களை மீண்டும் பிரித்தார்கள்.

மேலே இன்னொரு மாற்றம். 2019இல் பள்ளிக் கல்வி ஆணையர் என்ற ஐ.ஏ.எஸ். பதவி உருவாக்கப்பட்டு, இயக்குநர்களுக்கு மேலே வைக்கப்பட்டது. 2021 மே மாதம் பள்ளிக் கல்வி இயக்குநரின் அதிகாரங்களே ஆணையரிடம் போயின, க. நந்தகுமார் அந்தப் பொறுப்பில் அமர்ந்தார். ஆசிரியராகப் பணி தொடங்கிப் படிப்படியாக உயரும் ஒருவர் எட்டக்கூடிய உச்சப் பதவி இயக்குநர் பதவி என்பதால் ஆசிரியர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. 2023இல் அந்தப் பதவி திரும்ப வந்தது, க. அறிவொளி இயக்குநரானார்.

இந்தச் சண்டையில் இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது. ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கு நிதித் துறையிடமும் மாவட்ட ஆட்சியர்களிடமும் பேச்சு எடுபடும், கோப்பு நகரும். ஆனால் பள்ளி நடைமுறையை அவர் பதவிக்கு வந்த பிறகுதான் கற்றுக்கொள்ள வேண்டும். துறைக்குள்ளிருந்து வரும் இயக்குநருக்கு எந்தச் சுற்றறிக்கை பள்ளியில் என்ன விளைவை உண்டாக்கும் என்பது கைவந்த விஷயம். ஆனால் மூப்பு அடிப்படையில் வருவதால், ஓய்வுக்குச் சொற்ப காலம் இருக்கும்போதே பலர் அந்த நாற்காலியை அடைகிறார்கள்.

காமராஜர் ஆட்சியில் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநராக நீண்ட காலம் இருந்ததை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. மதிய உணவுத் திட்டமும், ஊர் மக்களே பொருள் திரட்டிப் பள்ளியைச் செப்பனிட்ட சீரமைப்பு மாநாடுகளும் அந்தக் காலத்தில் வளர்ந்தன. அவர் திறமைசாலி என்பதோடு, தொடங்கிய வேலையின் பலனைப் பார்க்கும்வரை பதவியில் இருந்தார் என்பதும் அதில் அடங்கும்.

## அரசு தன் அதிகாரிகளை எப்படி அளக்கிறது?

முறையான மதிப்பீடு இல்லாமல் இல்லை. ஐ.ஏ.எஸ். அதிகாரிகளுக்கு 2007ஆம் ஆண்டு விதிகளின்படி ஆண்டுதோறும் செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கை எழுதப்படுகிறது. அதிகாரி முதலில் தன் பணியைத் தானே விவரிப்பார். மேலதிகாரி மதிப்பிடுவார், அதற்கு மேலுள்ளவர் சரிபார்ப்பார், மூன்றாமவர் ஏற்பார். 1 முதல் 10 வரை மதிப்பெண். மாநில அரசு அலுவலர்களுக்கு அவர்களுக்குரிய இரகசியக் குறிப்பேடு உண்டு. பாதகமானவை மட்டுமன்றி எல்லாக் குறிப்புகளையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2008இல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இந்த அறிக்கைகள் அதிகாரிக்கும் அரசுக்கும் இடையிலானவை. ஓர் ஊழியரின் பணி மதிப்பீடு தனிப்பட்ட தகவல், பெரிய பொதுநலன் இருந்தாலொழிய தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தர வேண்டியதில்லை என்று கிரீஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே கல்விச் செயலாளர் எத்தனை மதிப்பெண் வாங்கினார் என்று பெற்றோருக்குத் தெரிய வழியில்லை.

மக்கள் பார்க்க முடிந்தவை வேறு. மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பு, தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கைகள், பள்ளிக் கல்வியில் மாநிலங்களைத் தரப்படுத்தும் ஒன்றிய அரசின் செயல்திறன் தரக் குறியீடு, கற்றல் ஆய்வுகள். கொள்கை விளக்கக் குறிப்பு என்ன செய்தோம் என்பதைச் சொல்லும். எவ்வளவு பேருக்கு என்ன பலன் கிடைத்தது என்பதில் மெலிந்து போகும். தரக் குறியீட்டில் கட்டடம், கணினி, ஆளுகை நடைமுறைகள் போன்றவற்றுக்கும் கணிசமான மதிப்பெண் உண்டு. 2019-20 குறியீட்டில் பஞ்சாப் முதலிடம் பெற்றபோது அது எதை அளக்கிறது என்று பெரிய சர்ச்சையே நடந்தது. அந்த ஆண்டு தமிழ்நாடும் உயர்ந்த தரத்தில் இருந்தது. அதே காலத்துத் தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளின் வாசிப்பு வேறு கதை சொன்னது. அதற்குப் பிறகு வருவோம்.

## தேர்ச்சி விகிதம் ஏன் ஏமாற்றும்?

பிளஸ் டூ தேர்ச்சி 2023இல் 94.03 சதவீதம், 2024இல் 94.56, 2025இல் 95.03. பத்தாம் வகுப்பில் 2024இல் 91.55, 2025இல் 93.80. மேலே போகும் கோடுதான். இதைத் தலைமையின் சாதனை என்று சொல்லிவிடலாமா?

முதலில், இது தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்ற கணக்கு. தேர்வுக்கு வராதவர்கள் இதற்குள் இல்லை. 2023 மார்ச் 13 அன்று பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வுக்கு 50,000க்கும் மேற்பட்டோர் வரவில்லை. மாநிலமே அதிர்ந்தது. காரணத்தைத் தேடினால் இரண்டாண்டு பின்னால் போக வேண்டியிருந்தது. கொரோனா காலத்தில், 2021இல், பத்தாம் வகுப்பில் அனைவரும் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்ட பிள்ளைகள் இவர்கள். பலர் பதினொன்றாம் வகுப்பிலேயே பள்ளியை விட்டு வேலைக்குப் போயிருந்தார்கள், அல்லது அந்த வகுப்பின் தேர்வையே எழுதாமல் இருந்தார்கள். பெயர் மட்டும் பதிவேட்டில் தொடர்ந்தது. தேர்வு நாள் வரை ஐம்பதாயிரம் பிள்ளைகள் எங்கே என்ற கேள்வி யார் மேசையிலும் அவசரமாக எழவில்லை. தலைமையின் உண்மையான சோதனை அதுதான். தேர்ச்சி எண்ணில் அதன் சுவடே கிடையாது.

இரண்டாவதாக, எண்ணுக்காக நெருக்கினால் எண் வரும், பிள்ளை போய்விடும். நூறு சதவீதம் காட்ட வேண்டும் என்ற அழுத்தம் முதன்மைக் கல்வி அலுவலரிடமிருந்து தலைமையாசிரியருக்கும், அவரிடமிருந்து பாட ஆசிரியருக்கும் இறங்குகிறது. மெதுவாகப் படிக்கும் பிள்ளையின் பெற்றோரை ஒன்பதாம் வகுப்பிலேயே அழைத்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளச் சொல்வதும், தனித்தேர்வராக எழுதச் சொல்வதும் தனியார், அரசு உதவிபெறும், அரசுப் பள்ளிகள் மூன்றிலும் பல காலமாகக் கேட்கும் குற்றச்சாட்டு. அப்படி வெளியே தள்ளப்பட்ட ஒவ்வொரு பிள்ளையும் அந்தப் பள்ளியின் தேர்ச்சி விகிதத்தை உயர்த்துகிறது. இதைவிடக் கொடுமையான அளவுகோல் இருக்க முடியாது.

மூன்றாவதாக, முடிவுகளை ஒருவர் எடுப்பார், பலனை வேறொருவர் அறுப்பார். பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை எடுத்துக்கொள்வோம். அந்த வகுப்புப் பாடத்தையே நடத்தாமல் இரண்டாண்டும் பிளஸ் டூ பாடத்தை உருப்போட வைத்த பள்ளிகளைக் கட்டுப்படுத்த 2017-18 முதல் அது பொதுத்தேர்வானது. மறு ஆண்டே, உயர்கல்விச் சேர்க்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டும் போதும் என்று அரசு முடிவை மாற்றியது. தேர்வின் பல் பிடுங்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது அந்தப் பொதுத்தேர்வே 2025-26 முதல் இல்லை என்றானது. எட்டாண்டில் மூன்று திருப்பம். ஒவ்வொன்றுக்கும் அப்போது இருந்தவர்கள் நியாயம் சொன்னார்கள். பாடத்தை உண்மையிலேயே நடத்துகிறார்களா என்ற மூலக் கேள்விக்கு மறுபடியும் முதலிலிருந்து விடை தேட வேண்டியிருக்கிறது.

## கற்றல் ஆய்வுகள் என்ன சொல்கின்றன, என்ன சொல்லவில்லை?

தேர்ச்சியைவிட நேர்மையான அளவு, குழந்தை வாசிக்கிறதா, கணக்குப் போடுகிறதா என்பது. கிராமப்புறங்களில் வீடு வீடாகச் சென்று எடுக்கப்படும் 'அசர்' ஆய்வு, மூன்றாம் வகுப்புக் குழந்தை இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கிறதா என்று பார்க்கும். தமிழ்நாட்டில் அப்படி வாசிக்கக்கூடியவர்கள் 2018இல் 10 சதவீத அளவில் இருந்தார்கள். 2022இல் அது 5க்கும் கீழே விழுந்தது. 2024இல் ஏறத்தாழ 12க்கு உயர்ந்தது.

2022இல் சரிந்ததற்கு அப்போதைய செயலாளரையோ ஆணையரையோ கைகாட்ட முடியாது. ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்குப் பள்ளிகள் திறந்ததே 2021 நவம்பரில்தான். அந்த மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்றாம் வகுப்பைப் பள்ளியில் முழுதாகப் பார்த்ததே இல்லை. 2024இல் உயர்ந்ததற்கும் ஒருவரே சொந்தம் கொண்டாட முடியாது. 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் ஆகியவற்றுக்குப் பங்கு இருக்கலாம். பள்ளிகள் தடையின்றி இயங்கியதற்கே பெரும் பங்கு இருக்கலாம். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தைப் பள்ளிக் கல்வித் துறையின் சாதனையாகப் பலர் எண்ணுகிறார்கள். அதை முன்னின்று நடத்துவது சமூக நலத் துறை. அதனால் உயரும் வருகையை யார் கணக்கில் எழுதுவது?

அளப்பவர் யார் என்பதும் முக்கியம். 2025இல் மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளில் மாநில அடைவு ஆய்வு நடத்தப்பட்டு, அதன் முடிவுகளை மாநிலத் திட்டக் குழு வெளியிட்டது. துறை தன்னைத் தானே அளந்துகொள்வதைவிட, இன்னோர் அமைப்பு அளப்பது நல்ல தொடக்கம். அந்த ஆய்வின் முடிவுகள் 'அசர்' காட்டிய படத்தோடு ஒத்துப்போகவில்லை; கேள்வி கேட்கும் முறையும் மாதிரியும் வேறு வேறு. எது சரி என்று சண்டை பிடிப்பதைவிட, ஒரே முறையில் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அளந்து, அதன் போக்கைப் பார்ப்பதுதான் பயன் தரும்.

## அதிகாரியின் கைக்கு எட்டாதவை

நியாயமாக மதிப்பிட, அவர்களால் முடியாதவற்றைக் கழிக்க வேண்டும்.

ஒன்று, பணம். மாதிரிப் பள்ளிகளுக்கான ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதால் 2024-25இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கான ஒன்றிய அரசின் பங்கு, 2,152 கோடி ரூபாய், நிறுத்திவைக்கப்பட்டது. அந்தத் திட்டத்தில் சம்பளம் வாங்குபவர்களும், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சேவைகளும் இருக்கின்றன. 2025 மே மாதம் மாநிலம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அந்த ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஒதுக்கப்படும் 25 சதவீத இடங்களுக்கான சேர்க்கையும் தள்ளிப்போனது. இது இரண்டு அரசுகளுக்கு இடையிலான கொள்கைப் பூசல். திட்ட இயக்குநரால் செய்ய முடிந்தது, கிடைத்த பணத்தில் எதை நிறுத்தாமல் காப்பது என்ற தேர்வு மட்டும்தான். அந்தத் தேர்வை வைத்து அவரை மதிப்பிடலாம்.

இரண்டு, நீதிமன்றத் தடைகள். பதவி உயர்வுக்கு ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயமா என்ற வழக்குகளால் பல பள்ளிகளில் தலைமையாசிரியர், பட்டதாரி ஆசிரியர் இடங்கள் காலியாகவே இருந்தன. வழக்கு வந்தது அதிகாரியின் குற்றமல்ல. ஆனால் தெளிவற்ற விதிகள் ஆண்டுக்கணக்கில் திருத்தப்படாமல் கிடந்தால், அது நிர்வாகத்தின் குற்றமாகிறது.

## அப்படியானால் எவற்றைப் பார்ப்பது?

உயர் அதிகாரியின் அதிகாரத்துக்குள் உள்ளவை, ஓராண்டுக்குள் தெரிந்துவிடக்கூடியவை, குழந்தையை நேரடியாகத் தொடுபவை என்ற மூன்று சல்லடைகளில் சலித்தால் மிஞ்சுபவை இவை.

1. ஜூன் மாதத்தில் ஆசிரியர் இருக்கிறாரா? பொது மாறுதல் கலந்தாய்வும் பதவி உயர்வுக் கலந்தாய்வும் பள்ளி திறப்பதற்கு முன் முடிய வேண்டும். காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது நடந்தால் பாதிப் பாடத்தில் ஆசிரியர் மாறுவார், அல்லது போனவரின் இடம் வெறுமையாகக் கிடக்கும். இதற்குப் புதிதாகப் பணம் வேண்டாம்; நாட்காட்டியை மதித்தால் போதும். தலைமை எப்படி இருக்கிறது என்பதை எனக்குச் சொல்லும் முதல் அடையாளம் இதுதான். கலந்தாய்வு முடிந்த பிறகு தனித்தனியாக எத்தனை மாறுதல் ஆணைகள் போடப்பட்டன என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

2. ஆசிரியரின் நேரம் எங்கே போகிறது? எமிஸ் எனப்படும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை நல்ல கருவி. இலவசப் பொருட்கள் முதல் மாற்றுச் சான்றிதழ் வரை அதில் நடக்கிறது. ஆனால் வருகை, நலத்திட்டம், உடல்நலம், கட்டகத் தேர்வு, மன்றச் செயல்பாடுகள் என்று பதிவேற்றம் பெருகியபோது, பாடவேளையில் ஆசிரியர் செல்பேசியோடு போராடினார். உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களுக்கு நியமிக்கப்பட்டவர்களிடம் இந்த வேலையை மாற்றும் முயற்சி நடந்தது. ஒவ்வொரு இயக்ககமும் தனித்தனியே கேட்கும் விவரங்களைப் பட்டியலிட்டு, ஒரே தகவலை இரண்டாம் முறை கேட்பதை நிறுத்தும் அதிகாரம் செயலாளருக்கு இருக்கிறது. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போய், மற்றவர் பதிவேற்றத்தில் உட்கார்ந்தால், அன்று அந்தப் பள்ளி நடக்கவில்லை என்றே பொருள்.

3. ஒன்பதில் சேர்ந்தவர்கள் பன்னிரண்டில் இருக்கிறார்களா? தேர்ச்சி விகிதத்துக்குப் பதில் இந்தத் தொடர் கணக்கை மாவட்டவாரியாக வெளியிடலாம். எமிஸ் எண் ஒவ்வொரு பிள்ளைக்கும் உண்டு. 2023 போன்ற அதிர்ச்சி திரும்ப வராமல் தடுக்கும் கணக்கு இது. பிள்ளையை வெளியே தள்ளினால் எண் உயரும் என்ற நிலைமை தலைகீழாகும்.

4. எத்தனை அலுவலகங்கள் 'கூடுதல் பொறுப்பில்' ஓடுகின்றன? ஒரு மாவட்டக் கல்வி அலுவலர் இரண்டு அலுவலகங்களைப் பார்த்தால் இரண்டிலும் கையெழுத்து மட்டுமே நடக்கும்.

5. நீதிமன்ற அவமதிப்பு வழக்குகள். தீர்ப்பை நிறைவேற்றாததால் எழும் இந்த வழக்குகளின் எண்ணிக்கை, கோப்பு எங்கே தூங்குகிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

6. குழந்தையின் புகாருக்கு எத்தனை நாளில் பதில்? 14417, 1098 ஆகிய உதவி எண்களுக்கு வரும் பாலியல் தொல்லை, அடி, சாதி வன்கொடுமைப் புகார்களில் நடவடிக்கை எப்போது தொடங்கியது என்ற ஒரே ஒரு எண், ஒரு மாவட்டத்தின் தலைமையைப் பற்றி நிறையச் சொல்லும்.

இவற்றோடு, எண்ணில் அடங்காத ஒன்றும் இருக்கிறது: முடிவெடுக்கும் முன் யாரைக் கேட்டார்கள் என்பது. 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243 தொடக்கக் கல்வி ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கான முன்னுரிமையை ஊராட்சி ஒன்றிய அளவிலிருந்து மாநில அளவுக்கு மாற்றியது. சில ஒன்றியங்களில் விரைவாகவும் சிலவற்றில் மிக மெதுவாகவும் பதவி உயர்வு கிடைத்துவந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய அது ஒரு வழிதான். ஆனால் சொந்த ஒன்றியத்தில் தலைமையாசிரியர் ஆவோம் என்று காத்திருந்தவர்கள், பெரும்பாலும் பெண்கள், பல மாவட்டம் தாண்டிப் போக வேண்டும் அல்லது பதவி உயர்வைத் துறக்க வேண்டும் என்ற நிலைக்கு வந்தார்கள். தொடக்கக் கல்வி ஆசிரியர் சங்கங்களின் டிட்டோஜாக் கூட்டமைப்பு திரும்பத் திரும்பப் போராடியது. ஆணையின் நோக்கத்தை ஏற்பவர்கள்கூட, வெளியிடுமுன் விரிவாகப் பேசியிருக்கலாம் என்றே சொல்வார்கள்.

## பதவிக் காலம்: மற்ற எல்லாவற்றையும் தீர்மானிப்பது

2013 அக்டோபர் 31 அன்று டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் உச்ச நீதிமன்றம், அதிகாரிகளுக்குக் குறைந்தபட்சப் பதவிக் காலத்தை உறுதிசெய்யவும், இடமாறுதலைப் பரிந்துரைக்கக் குடிமைப் பணிகள் வாரியம் அமைக்கவும் உத்தரவிட்டது. 2014இல் ஐ.ஏ.எஸ். பணியிட விதிகள் திருத்தப்பட்டு, இரண்டாண்டு என்ற அளவு வந்தது. விதி இருக்கிறது. ஆனால் 2023 முதல் 2025 தொடக்கம் வரையிலான காலத்தில் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்விச் செயலாளர் நாற்காலியில் காகர்லா உஷா, குமரகுருபரன், மதுமதி, சந்திரமோகன் என்று நால்வரைப் பார்த்தோம். இவர்களின் தனித்திறமை இங்கே பிரச்சினையே இல்லை. ஒரு கல்வியாண்டின் கலந்தாய்வைத் திட்டமிட்டவர் அடுத்த ஆண்டு அதன் குறைகளைத் திருத்த இருக்க மாட்டார் என்றால் எந்த மதிப்பீடும் நிற்காது.

தொடர்ச்சி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் 2017-18இல் கிடைத்தது. 2017 மார்ச்சில் செயலாளரான த. உதயச்சந்திரன் காலத்தில், மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் துணையோடு பாடத்திட்ட மாற்றம் தொடங்கியது. சில மாதங்களிலேயே அவருக்கு மேல் முதன்மைச் செயலாளர் ஒருவர் நியமிக்கப்பட்டார். பாடத்திட்டப் பணியில் இருப்பவர்களைத் தன் அனுமதியின்றி மாற்றக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2018-19இல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புதிய நூல்கள் வந்தன. மீதி வகுப்புகளுக்கு அடுத்த ஆண்டில். நீட் தேர்வுக்குப் பிறகு தமிழ்நாட்டுப் பாடநூல்கள் மீது விழுந்த பழியைத் துடைத்த வேலை அது. நூல்கள் கனமாகிவிட்டன, முடிக்க நேரமில்லை என்ற குறையும் கூடவே வந்தது. அந்தக் குறையைக் களைந்து சீராக்க வேண்டிய நேரத்தில் பொறுப்பாளர்கள் வேறு துறைகளுக்குப் போய்விட்டார்கள்.

மாவட்டத்திலும் இதே நிலைதான். முதன்மைக் கல்வி அலுவலர் ஒருவர் தன் மாவட்டத்தின் மலைப்பள்ளிகளையும் கடலோரப் பள்ளிகளையும் ஒருமுறை சுற்றிவரவே ஓராண்டு பிடிக்கும். பொதுத்தேர்வு முடிவைக் காட்டி அவரை அடுத்த மே மாதத்தில் மாற்றினால், அவருக்குப் பின் வருபவர் ஆறு மாதத்தில் எண்ணை உயர்த்தும் குறுக்கு வழியைத்தான் தேடுவார்.

## அடுத்த பெரிய சோதனை

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இந்தத் தலைமையின் முன் ஒரு கெடுவை வைத்திருக்கிறது. ஓய்வு பெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ள, பணியில் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும். இல்லையேல் பணியில் நீடிக்க முடியாது. ஐந்தாண்டுக்குக் குறைவாக உள்ளவர்கள் நீடிக்கலாம், பதவி உயர்வு கிடையாது. சிறுபான்மை நிறுவனங்களுக்கு இது பொருந்துமா என்பது பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது. தமிழ்நாடு அரசு சீராய்வு மனு தாக்கல் செய்தது. பணியில் இருப்போருக்கெனச் சிறப்புத் தகுதித் தேர்வுகள் நடத்தப்படும் என்றும் அறிவித்தது.

இதில் செயலாளர், இயக்குநர்கள், ஆசிரியர் தேர்வு வாரியம், பயிற்சி நிறுவனம் ஆகிய நான்கு தரப்பும் ஒரே கால அட்டவணையில் இயங்கியாக வேண்டும். எந்தெந்தப் பள்ளியில் எத்தனை பேர் தேர்வு எழுத வேண்டியவர்கள், அவர்களுக்கான பயிற்சி பாடவேளையைத் தின்னாமல் எப்போது நடக்கும், இருபதாண்டுக்கு முன் கல்லூரியை விட்டு வந்தவருக்கு எந்தப் பாடத்தில் உதவி தேவை, தேறாதவர்களின் வகுப்புகளுக்கு 2027 செப்டம்பரில் யார் வருவார்கள் என்ற கேள்விகளுக்கு மாவட்டவாரியான விடை வேண்டும். அந்த விடைகள் அடுத்த கொள்கை விளக்கக் குறிப்பில் அட்டவணையாக அச்சாகியிருக்கின்றனவா என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் சட்டமன்ற உறுப்பினரும் புரட்டிப் பார்க்கலாம்.